கழன்றுகொண்டே இருந்த பிளேடு

ரெஜினாவிடம் மரவேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஆண்டியப்பன்தான் வயதில் மூத்தவர். ரெஜினாவைவிடவே மூத்தவர். காலமெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பட்டறை மணப்பாறையில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. பூஜை அலமாரிக் கதவு, கோயில் தட்டி, மாதா கோயில் பலிபீடத்துக்கு முன்தடுப்பு என்று கொடியும் பூவுமாக மரத்தை அறுத்துத் தருவது அங்கே வேலை. அதற்கு ஸ்க்ரோல் ரம்பம் ஒன்று இருந்தது. நூல் மாதிரி மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும். அதன் இரண்டு முனைகளையும் இரண்டு கிளாம்ப் கவ்விக்கொண்டிருக்கும். கிளாம்ப் சரியாகக் கவ்வினால், வரைந்த கோட்டின் மேலேயே பிளேடு போகும்.

ஆண்டியப்பனுக்கு அது கவ்வவே இல்லை.

"டீச்சர், திரும்பக் கழண்டுருச்சு."

ரெஜினா வேறொரு மேசையில் பசை தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தப் பக்கம்ணே?"

"எந்தப் பக்கம்னா?"

"மேலயா, கீழயா?"

அவர் பார்த்திருக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"மேல."

"மாட்டுங்க."

மாட்டினார். கிளாம்பின் திருகை இறுக்கினார். மிஷினைப் போட்டார். ஒரு இலையின் பாதி வளைவு முடிவதற்குள் பிளேடு துள்ளிக் கழன்றது.

"மேலதான்," என்றார் இந்த முறை, அவள் கேட்பதற்கு முன்பே.

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிளேடை எடுத்தாள். ஒரு வெள்ளைத் துணியால் அதன் முனையை ஒரு இழுப்பு இழுத்துத் துணியை அவரிடம் காட்டினாள். துணியில் மையிட்ட மாதிரி ஒரு கோடு.

"புது பிளேடு டீச்சர். இப்பத்தான் பொட்டலத்தப் பிரிச்சேன்."

"புதுசுலதாண்ணே எண்ணெய் இருக்கும். துரு பிடிக்கக் கூடாதுன்னு தடவி அனுப்புவாங்க. துடைச்சிட்டு மாட்டுங்க."

துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர் அந்த ஒரு பிளேடைத் துடைத்தார். அது நின்றது. அடுத்த பிளேடை மாட்டும்போது துணியைத் தேட வேண்டியிருந்தது. தேடுவதைவிடத் திருகை இன்னும் அரைச் சுற்று இறுக்குவது சுலபமாக இருந்தது. இறுக்கினார்.

ஆண்டியப்பன் எதையும் நின்று செய்கிறவர் அல்ல. டீயைப் பாதி குடித்துவிட்டு வாசலுக்குப் போவார். வாசலில் இருந்து மிஷினுக்கு வருவார். மிஷினில் இருந்து போனுக்குப் போவார். போனில் பேசுவது எப்போதும் மனைவியிடம்தான்.

மனைவி சௌந்தரம் துவரங்குறிச்சியில் தன் தங்கை வீட்டில் இருந்தாள். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நாள் கூட இருந்தாள். அவர் அடுக்களை வாசலில் நின்று, குழம்பு ஏன் இன்னும் கொதிக்கவில்லை என்று கேட்பார். அவள் துணி காயப் போட்டால் பின்னாலேயே வந்து வேறு கொடியில் போடச் சொல்வார். அவள் ஒன்றும் சொன்னதில்லை. ஒருநாள் பையில் நாலு சேலையை வைத்துக்கொண்டு, "தங்கச்சியப் பாத்துட்டு வர்றேன்" என்று போனாள். வரவில்லை.

"சாப்டியா?" என்பார் போனில். "என்ன சாப்ட்ட? எப்ப வர்ற? காலையில நேர் பஸ் இருக்கு, நம்ம பய மாரியப்பன்தான் ஓட்டுறான். அவன்ட்ட சொல்லி சீட்டு போட்டு வைக்கவா?"

அந்தப் பக்கம் ஒரே ஒரு சொல் கேட்கும். வர்றேன். அவ்வளவுதான். மதியம் மறுபடி கூப்பிடுவார். சாயங்காலமும் கூப்பிடுவார். பட்டறையில் எல்லோருக்கும் அது கேட்கும்.

கூடக் கற்றுக்கொண்டிருந்த மும்தாஜ் ஒருநாள் ரெஜினாவின் காதருகே சொன்னாள். "அவருக்கு யாராச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா டீச்சர்?"

"சொன்னா கேக்குறதுக்கு நிக்கணுமே," என்றாள் ரெஜினா.

அந்த வாரம் ஆண்டியப்பன் குறடை எடுத்தார்.

கையால் இறுக்கியும் பிளேடு நிற்கவில்லை. கையால் திருக வேண்டிய திருகைக் குறடால் பிடித்துத் திருகினார். நின்றது. சந்தோஷமாக ஒரு பூவை அறுத்து முடித்தார். அடுத்த பூவுக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினார். குறடு சட்டென்று லேசானது. திருகு எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றியது. திருகைக் கவ்வும் மரை அழிந்துபோய்விட்டது.

அவர் குறடோடு அப்படியே நின்றார்.

ரெஜினா வந்து கிளாம்பைக் கழற்றினாள். திருகை வெளியே எடுத்தாள். அதன் நுனி ஆணித் தலை மாதிரி தட்டையாகிப் பிதுங்கியிருந்தது. கிளாம்பின் உள்முகத்தை வெளிச்சத்தில் திருப்பினாள். பிளேடு வழுக்கி வழுக்கி ஓடிய தடம் கண்ணாடி போல மின்னியது.

"தொட்டுப் பாருங்க."

ஆண்டியப்பன் விரலால் தடவினார். "வழவழன்னு இருக்கு."

"வழவழன்னு இருக்குறது எதப் பிடிக்கும்?"

அவர் மறுபடி தடவினார். பிறகு, "இறுக்கி இறுக்கித்தான் இப்படி ஆச்சா?" என்றார்.

"ஆமாண்ணே."

அவள் ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் உப்புத்தாளை விரித்துக் கொடுத்தாள். கிளாம்பின் முகத்தை அதில் வைத்து, சாயாமல், மெதுவாகத் தேய்க்கச் சொன்னாள். மினுமினுப்பு போகும் வரை தேய்க்க வேண்டும். அதற்குள் தான் புது மரை போட்டு வேறு திருகு எடுத்து வைப்பதாகச் சொன்னாள்.

ஆண்டியப்பன் உட்கார்ந்து தேய்த்தார். எழுந்து வாசலுக்குப் போனார். வந்து தேய்த்தார். போனை எடுத்துப் பார்த்தார். வைத்தார். தேய்த்தார். ரயில் ஒன்று போயிற்று. கதவு, ஜன்னல், மேசையில் இருந்த ஆணி டப்பா எல்லாம் அதிர்ந்து அடங்கின. அது அடங்கியதும் அவர் கேட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அவ ஏன் வர மாட்டேங்குறா?"

ரெஜினா அவர் கையில் இருந்த கிளாம்பை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இந்த மூலையில இன்னும் பளபளப்பு இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தாள். திருகைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அவள் திரும்பாமல் இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பாள். ஏதோ பெரிய விஷயம் பிடிபட்டவரைப் போல அது மலர்ந்திருந்தது.

அன்று முதல் ஆண்டியப்பன் மனைவிக்குப் போன் செய்யவில்லை.

போனை அணைத்துப் பட்டறை மேசையின் இழுப்பறையில் போட்டார். வீட்டுக்கும் எடுத்துப் போகவில்லை. மும்தாஜ் கேட்டபோது, "இறுக்கக் கூடாதும்மா. டீச்சர் சொல்லிட்டாங்க" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் கை அடிக்கடி சட்டைப் பைக்குப் போய் வெறுமையைத் தொட்டுவிட்டு வந்தது. டீயை முன்பைவிட வேகமாகக் குடித்தார். ராத்திரி தூங்கவில்லை என்று கண்ணில் தெரிந்தது.

மிஷினிலும் அவர் எல்லாவற்றையும் தளர்த்தினார்.

தேய்த்த கிளாம்ப் இப்போது நன்றாகக் கவ்வியது. பிளேடையும் துடைத்தே மாட்டினார். ஆனால் பிளேடை விறைப்பாக இழுத்து நிறுத்துகிற நெம்புகோலை அவர் பாதிகூடத் தள்ளவில்லை. மிஷினைப் போட்டதும் பிளேடு வயிறு தள்ளிக்கொண்டு ஓடியது. கோடு ஒரு பக்கம் போக, அறுப்பு இன்னொரு பக்கம் போனது. சரிசெய்ய மரத்தைத் திருப்பினார். கொடியின் தண்டு குறுக்கே அறுந்தது. பிளேடு ஒடிந்து ஒரு துண்டு அவர் கன்னத்தில் கீறிவிட்டுப் போயிற்று.

ரெஜினா ஓடி வந்து மிஷினை அணைத்தாள். கன்னத்தைப் பார்த்தாள். மேலோட்டமான கீறல்தான். மும்தாஜ் பஞ்சு எடுத்துவரப் போனாள்.

ரெஜினா புது பிளேடு ஒன்றை அவர் வைத்திருந்த தளர்விலேயே மாட்டினாள். நகத்தால் அதைச் சுண்டினாள். தொப்பென்று ஒரு சத்தம், நனைந்த கயிற்றைத் தட்டின மாதிரி. நெம்புகோலைத் தள்ளினாள். மறுபடி சுண்டினாள். டிங் என்று சுருதியாகக் கேட்டது.

"இறுக்கக் கூடாதுன்னீங்களே," என்றார் ஆண்டியப்பன், பஞ்சைக் கன்னத்தில் வைத்தபடி.

"கிளாம்ப் திருகத்தான் குறடு போட்டு இறுக்கக் கூடாதுண்ணே. பிளேடு விறைப்பா நிக்கணும்."

"அப்ப..."

அவர் முடிக்கவில்லை. இழுப்பறையைப் பார்த்தார். அதை நோக்கி இரண்டு அடி போனார். திரும்பி வாசலுக்குப் போனார். வாசலில் ஒரு ஆள் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். சௌந்தரத்தின் தங்கை கணவர்.

"அண்ணே, ஏன் போன அணைச்சு வச்சிருக்கீங்க?" என்றார் அந்த ஆள். "எத்தன தடவ அடிக்கிறது? வீட்டுக்குப் போனா வீடு பூட்டிக் கெடக்கு. பக்கத்து வீட்டுல கேட்டு இங்க வர்றேன்."

"என்னய்யா?"

"அக்காவுக்குக் காய்ச்சல். விடவே இல்ல. ரத்த அணு கொறஞ்சு போச்சுன்னு இங்க மணப்பாறையிலதான் ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். வாங்க."

ஆண்டியப்பன் செருப்பை மாட்டாமல் வண்டியில் ஏறினார்.

மறுநாள் காலை அவர் வந்தார். அதே சட்டை. கன்னக் கீறல் கறுத்திருந்தது. உள்ளே வந்து, நேராக ரெஜினா முன்னால் நின்றார்.

"உங்களாலதான்."

மும்தாஜ் மிஷினை நிறுத்தினாள்.

"அவங்க எப்படிண்ணே இருக்காங்க?" என்றாள் ரெஜினா.

"பரவால்ல. ஆபத்து தாண்டிருச்சுங்கிறாங்க. ஆனா கண்ணத் தொறந்ததும் என்னப் பாத்து மொதல்ல என்ன கேட்டா தெரியுமா? 'கோவமா?'ன்னு கேட்டா. நான் கோவத்துல பேசாம இருக்கேன்னு நெனச்சிருக்கா. காய்ச்சலோட கெடந்து அதையே நெனச்சிருக்கா. தங்கச்சிக்காரி சொல்லுது, போன் மணி அடிச்சா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தாளாம்." அவர் மேசையில் கையை ஊன்றினார். "நீங்க சொன்னதக் கேட்டுத்தானே நான் பேசாம இருந்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"இறுக்கக் கூடாதுன்னு."

"எத?"

ஆண்டியப்பன் வாயைத் திறந்தார். கை தானாக மிஷினைக் காட்டியது. காட்டிய கையை மெதுவாக இறக்கினார்.

"எனக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்," என்றார்.

ரெஜினா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அவளும் நின்றாள்.

"பிளேடு வழுக்குனப்ப நாம என்ன செஞ்சோம்ணே?"

"தொடச்சோம்."

"அதுக்கு முன்னாடி?"

அவர் யோசித்தார். "எந்தப் பக்கம்னு கேட்டீங்க. பாத்தேன்."

"மரை போனப்ப?"

"கழட்டிப் பாத்தோம்."

"பாத்ததால தெரிஞ்சுது. அது இரும்பு, அதனால நானும் பாக்கலாம், நீங்களும் பாக்கலாம். அவங்க ஏன் வரலைன்னு என்னக் கேட்டீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப யாருக்குத் தெரியும்?"

"அவங்களக் கேட்டீங்களா?"

"கேக்காமயா? தெனம் கேட்டேனே. எப்ப வர்ற, எப்ப வர்றன்னு..."

அவரே நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது தன் காதில் விழுந்த மாதிரி இருந்தது. எப்ப என்பதைத்தான் கேட்டிருந்தார். ஏன் என்பதை ரெஜினாவிடம் கேட்டார். தங்கை வீட்டுக்காரரிடம் கேட்டார். பஸ் ஸ்டாண்டில் பழைய கண்டக்டரிடம்கூடக் கேட்டார். சௌந்தரத்திடம் கேட்டதில்லை.

அவர் போய்விட்டார். இழுப்பறையில் இருந்த போனை மும்தாஜ் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, தெருமுனையில் அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று வேலை நிறைய இருந்தது. ரெஜினா ஒரு கதவின் மேல்பகுதியை அறுக்க உட்கார்ந்தாள். அவளுக்கும் கோடு தப்பியது. மிஷினை அணைத்து, கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு மறுபடி போட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் ஆண்டியப்பன் திரும்ப வந்தார். ஓட்டமும் நடையுமாக வந்திருக்க வேண்டும். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மும்தாஜ் தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

"கேட்டேன் டீச்சர்."

ரெஜினா மிஷினை நிறுத்தினாள்.

"கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டுக் கேட்டேன். 'ஏன் சௌந்தரம் வர மாட்டேங்குற? என்கூட இருக்க என்ன கஷ்டம்?'னு கேட்டேன். தெளிவாத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் என்னையே பாத்தா. அழுவாளோன்னு நெனச்சேன். அழல. 'நீங்க இப்படி ஒண்ணு கேட்டதே இல்ல'ன்னா. அப்புறம், 'எனக்கே சரியாச் சொல்லத் தெரியல. சும்மா வாய்க்கு வந்தத இப்ப சொல்ல வேணாம். யோசிச்சுச் சொல்றேன்'னா."

"நல்லது."

"என்ன நல்லது? யோசிக்கிறேன்னு சொல்லிட்டு ஜன்னலப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. தூங்கல. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. நான் உக்காந்தேன். அவ பேசல. எந்திரிச்சேன். வராந்தாவுல நடந்தேன். திரும்ப வந்து பாத்தேன். அப்பவும் ஜன்னலத்தான் பாக்குறா."

சொம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும் டீச்சர்? இன்னிக்குச் சொல்லிருவாளா? வீட்டுக்கு வந்துதான் சொல்லுவாளா? திரும்பக் கேக்கலாமா? கேட்டா இறுக்குன மாதிரி ஆயிருமா? கேக்காம விட்டா, கோவம்னு நெனச்சுக்குவாளா? நான் என்னதான் செய்யணும்? அதச் சொல்லுங்க. அதுக்குத்தான் ஓடி வந்தேன்."

"இப்ப அவங்க பக்கத்துல யாரு இருக்கா?"

"இப்பவா? யாரும் இல்ல. தங்கச்சி குளிக்கப் போயிருக்கு."

ரெஜினா அவர் கையில் இருந்து சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அவங்க அங்க யோசிச்சுக்கிட்டு இருக்காங்க," என்றாள். "நீங்க எதுக்குண்ணே இங்க வந்தீங்க?"